கணிப்பொறித் துறையில் என்னதான் ஆராய்கிறார்கள்?

இயற்பியல் துறையில் எதை ஆராய்கிறார்கள் என்று கேட்டால் நீங்கள் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். அணு, ஒளி, காந்தம், விண்மீன் என்று அடுக்குவீர்கள். தாவரவியல் துறை என்றால் செடிகொடிகள். இவையெல்லாம் இயற்கையில் உள்ளவை, மனிதன் செய்யாதவை. ஆகவே அவற்றைத் துருவிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் கணிப்பொறி? அது மனிதனே செய்த பொறி அல்லவா? செய்தவனுக்கு அதன் உள்ளும் புறமும் தெரியாதா? தையல் இயந்திரத்துக்கென்று எந்தப் பல்கலைக்கழகத்திலாவது ஒரு துறை இருக்கிறதா?

என் மாணவர்கள் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்விதான். 'கணிப்பொறி படிக்கப் போகிறேன்' என்று சொல்லும் உங்களில் பலர், ஏதோ ஒரு கணிப்பொறி மொழியில் ஆணைகள் எழுதக் கற்பதுதான் அந்தப் படிப்பு என்று நினைத்திருக்கக்கூடும். அப்படியானால் ஆறு மாதப் பயிற்சி போதுமே, பேராசிரியர்களும் ஆராய்ச்சியும் எதற்கு?

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அங்கே யார் யார் இருந்தார்கள், எதை ஆராய்ந்தார்கள் என்று பார்ப்போம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உள்ள கணிப்பொறித் துறை, உலகிலேயே பழமையானவற்றுள் ஒன்று. 1937-ல் அது தொடங்கியபோது அதன் பெயர் கணித ஆய்வுக்கூடம். அப்போது கணிப்பொறியே கிடையாது! கையால் சுழற்றும் கணக்கிடும் இயந்திரங்களும், சக்கரங்களும் தண்டுகளும் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு பெரிய பொறியும்தான் அங்கே இருந்தன. மற்றத் துறையினர் தங்கள் நீண்ட கணக்குகளைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அந்தக் கூடத்தின் தலைமைக்கு வந்தவர் மாரிஸ் வில்க்ஸ். அவர் ஓர் இயற்பியலார் என்பதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்! வானில் மிக உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு ரேடியோ அலைகள் திரும்புவதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 1946-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் அவர் கைக்கு ஓர் அறிக்கை வந்தது. கணக்கிடுவதற்கான ஆணைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு பொறியைப் பற்றி அமெரிக்காவில் ஜான் ஃபான் நாய்மன் எழுதியது அது. கொண்டுவந்தவர் மறுநாள் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். படியெடுக்கும் இயந்திரம் இல்லாத காலம். இரவு முழுவதும் விழித்திருந்து வில்க்ஸ் அதைப் படித்தார். அந்த ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சென்று இதுபற்றிய விரிவுரைகளையும் கேட்டார். திரும்பும் வழியில், குவீன் மேரி கப்பலிலேயே தம் பொறிக்குத் திட்டம் போடத் தொடங்கிவிட்டார். அதுதான் பின்னாளில் எட்சாக் என்று பெயர் பெற்றது.

பாதரசத்தில் எண்கள்

பெரிய தடை நினைவகம்தான். எண்ணை எங்கே எழுதி வைப்பது? இன்று ஒரு சிறு சில்லில் கோடிக்கணக்கான எண்களை வைக்கிறோம். அன்று இருந்தது வால்வு. ஒரு எண்ணின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் வால்வுகள் வேண்டும் என்றால் அறை கொள்ளாது. வில்க்ஸ் தேர்ந்தெடுத்த வழி, இயற்பியல் படிக்கும் உங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு நீண்ட எஃகுக் குழாய். அதனுள் பாதரசம். இரு முனைகளிலும் குவார்ட்ஸ் படிகத் தகடுகள். குவார்ட்ஸின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும், அதிரவைத்தால் மின்னழுத்தம் தரும். ஒரு முனையில் மின்துடிப்பைக் கொடுத்தால் அது ஒலித் துடிப்பாகிப் பாதரசத்தில் பயணம் செய்யும். மறுமுனையில் மீண்டும் மின்துடிப்பாக வெளிவரும். அதைப் பெருக்கிச் சீர்ப்படுத்தி முதல் முனைக்கே அனுப்பிவிட்டால்? துடிப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. எண்ணை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஓயாமல் ஓடவிட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

எத்தனை துடிப்புகள் ஒரு குழாயில் அடங்கும்? நீங்களே கணக்கிடலாம். பாதரசத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர். குழாயின் நீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே ஒரு துடிப்பு மறுமுனை சேர ஓராயிரத்தில் ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். வினாடிக்கு 5 லட்சம் துடிப்பு வீதம் அனுப்பினால், முதல் துடிப்பு மறுமுனையைத் தொடுவதற்குள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகள் உள்ளே வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். எட்சாக்கின் ஒவ்வொரு குழாயும் 576 துடிப்புகளைத் தாங்கியது. இப்படி 32 குழாய்களுக்கு இடம் வைத்திருந்தார்கள். ஆனால் பொறி முதலில் ஓடியபோது பாதி நினைவகமே தயாராக இருந்தது.

பாதரசம்தான் வேண்டுமா, தண்ணீர் போதாதா என்று கேட்கிறீர்களா? ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் போகும்போது எல்லையில் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பிவிடும். இரு பொருள்களிலும் அடர்த்தியை ஒலியின் வேகத்தால் பெருக்கி வரும் எண்கள் எவ்வளவு நெருங்கி இருக்கின்றனவோ, அவ்வளவு குறைவாக எதிரொலி இருக்கும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, பாதரசத்தின் அடர்த்தி 13.6. ஆனால் குவார்ட்ஸில் ஒலி ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் செல்லும். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வருவதைக் காண்பீர்கள். தண்ணீரோ பத்தில் ஒரு பங்குதான் வரும். தண்ணீர்க் குழாயில் அனுப்பினால் எதிரொலிகளே போலித் துடிப்புகளாகக் குழப்பத்தை உண்டாக்கும்.

இந்த முறையில் ஒரு சிரமமும் உண்டு. வேண்டிய எண் உடனே கிடைக்காது. ராட்டினத்தில் நமக்கு வேண்டிய தொட்டில் கீழே வரும்வரை நிற்கிறோம் அல்லவா, அப்படி அந்த எண் குழாயின் முனைக்கு வரும்வரை பொறி காத்திருக்க வேண்டும். வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறிவிடும்; எனவே குழாய்களை எல்லாம் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கவும் வேண்டும்.

பணத்துக்கு என்ன செய்தார்கள் என்பது ஒரு தனிக் கதை. லண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனி 3,000 பவுன் கொடுத்தது! பிறகு அதே வடிவமைப்பைப் பின்பற்றித் தன் அலுவலக வேலைக்கு லியோ என்ற கணிப்பொறியைச் செய்து 1951-ல் ஓட்டியது. ரொட்டிக் கணக்குப் பார்த்த முதல் கணிப்பொறி அது.

1949-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் எட்சாக் முதன்முதலாக ஓடியது. சுமார் 3,000 வால்வுகள் கொண்ட அந்தப் பொறி, 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை 2 நிமிடம் 35 வினாடியில் அச்சிட்டுக் கொடுத்தது. நினைவகத்தில் ஆணைகளை வைத்து ஓடிய முதல் பொறி இதுவல்ல. மான்செஸ்டரில் ஒரு சிறு சோதனைப் பொறி 1948 ஜூனிலேயே ஓடிவிட்டது. ஆனால் பிற துறையினர் நாள்தோறும் வந்து தங்கள் கணக்குகளைப் போட்டுக்கொள்ளும்படி அமைந்த முதல் பொறி எட்சாக்தான்.

பொறி வந்தது, பிழையும் வந்தது

இத்துடன் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் ஆராய்ச்சித் துறை பிறந்ததே இதற்குப் பிறகுதான்.

வில்க்ஸ், ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க 126 வரிகளில் ஒரு புரோகிராம் எழுதினார். அதில் ஏறத்தாழ இருபது பிழைகள் இருந்தன. எழுதியவர் சாதாரண ஆள் அல்லர், பொறியை வடிவமைத்தவரே! எட்சாக் இருந்த அறைக்கும் நாடாவில் துளையிடும் அறைக்கும் இடையே படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம் புரோகிராமில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்று அவருக்குப் பளிச்சென்று பட்டதாம். பிற்காலத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

நம் தொடக்கக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தையல் இயந்திரம் ஒரே வேலையைச் செய்யும். கணிப்பொறியோ நாம் என்ன சொன்னாலும் செய்யும். நாம் சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. சொன்னதற்கும் நினைத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு, அதை எப்படிக் குறைப்பது? பொறியைக் கழற்றிப் பார்த்து இதற்கு விடை காண முடியாது.

பிழையைக் குறைக்க ஒரு வழி, சரி என்று தெரிந்துவிட்ட பகுதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. வர்க்கமூலம் காண ஒருமுறை சரியாக எழுதிவிட்டால், அதையே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாமே. இப்படிப்பட்ட துணைப் புரோகிராம்களை நாடாக்களில் துளையிட்டு ஓர் எஃகு அலமாரியில் நூலகம் போல அடுக்கினார்கள். 1951-ல் அதில் 87 துணைப் புரோகிராம்கள் இருந்தன.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. புத்தகம் படிக்கும்போது கடைசிப் பக்கத்தில் உள்ள விடையைப் பார்க்க வேண்டுமானால் என்ன செய்கிறோம்? படித்த பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு புரட்டுகிறோம். பொறிக்கு விரல் கிடையாது. ஒரு புரோகிராமின் பத்தாம் வரியிலிருந்தும் வர்க்கமூலத்துக்குப் போகலாம், ஐம்பதாம் வரியிலிருந்தும் போகலாம். வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது? டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர் கண்ட வழி இது: போகும்போது, தான் புறப்பட்ட இடத்தின் எண்ணைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். துணைப் புரோகிராம் தன் முதல் வேலையாக, அந்த எண்ணைக் கொண்டு தன்னுடைய கடைசி ஆணையைத் தானே எழுதிக்கொள்ளும். வேலை முடிந்து கடைசி ஆணைக்கு வந்தால், புறப்பட்ட இடத்துக்கு அடுத்த வரிக்குப் போய்ச் சேரும். இதை 'வீலர் தாவல்' என்பார்கள். திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதனால் ஒரு பெரிய தொல்லை வரப்போகிறது.

வீலர் 1951-ல் முனைவர் பட்டம் பெற்றார். கணிப்பொறி இயலில் உலகின் முதல் முனைவர் பட்டம் அதுவே என்று பலர் கருதுகிறார்கள். அதே ஆண்டில் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து, புரோகிராம் எழுதுவது பற்றிய உலகின் முதல் நூலை வெளியிட்டார்கள். 1953-ல் இதற்கென ஒரு பட்டயப் படிப்பும் தொடங்கியது. மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்து 1962-ல் நோபல் பரிசு பெற்ற ஜான் கெண்ட்ரூ, அதற்கான கணக்குகளை எட்சாக்கிலும் அடுத்து வந்த எட்சாக் 2-லும்தான் போட்டார்.

ஒரு பொறி, பல பேர்

1960-களில் டைட்டன் என்ற பெரிய கணிப்பொறி வந்தது. ஒரே நேரத்தில் பலர் அதைத் தங்கள் மேசையிலிருந்தே பயன்படுத்தலாம். உடனே புதிய சிக்கல். உங்கள் கோப்பை நான் பார்த்துவிடாமல் இருக்க உங்களுக்கு ஒரு மறைசொல் வேண்டும். எல்லோருடைய மறைசொற்களையும் பொறி ஓரிடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலே வெளியானால்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களில் அப்படியே நடந்தது. ஒரு குளறுபடியால், பொறியைத் தொடங்கிய ஒவ்வொருவர் முன்னும் எல்லோருடைய மறைசொற்களும் அச்சாகி வந்துவிட்டன!

கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடமும் மைக் கையும் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். மறைசொல்லை எழுதி வைக்கவே வேண்டாம். அதை ஒரு வழியில் மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வையுங்கள் என்றார்கள். ஒரு வழி மாற்றம் என்றால் என்ன? உங்கள் மறை எண் 4371 என்று கொள்வோம். அதன் வர்க்கம் 19105641. நடுவில் உள்ள 1056-ஐ மட்டும் எழுதிக்கொள்வோம். நீங்கள் அடுத்த முறை வந்து 4371 என்றால், பொறி மீண்டும் வர்க்கம் கண்டு, நடு இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்து உங்களை உள்ளே விடும். ஆனால் பட்டியலைத் திருடியவன் கையில் இருப்பது 1056 மட்டும். அதைப் பார்த்த மாத்திரத்தில் 4371 என்று சொல்ல முடியுமா? நான் சொன்னது விளக்கத்துக்கான விளையாட்டுக் கணக்கு. நான்கு இலக்கமானால் எல்லா எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். உண்மையில் பயன்படும் மாற்றங்கள் மிகவும் சிக்கலானவை. ஆனால் தத்துவம் இதுவே. இன்று நம்பகமான எந்த அமைப்பும் மறைசொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை.

நீடம் கணிதமும் தத்துவமும் படித்தவர். அவருடைய மனைவி காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் வரலாறு படித்தவர். சிறிது காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வரலாறு படித்தவருக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்கிறீர்களா? சொல்லின் பொருளைப் பொறிக்கு எப்படிப் புரியவைப்பது என்பதே அவருடைய ஆராய்ச்சி. கேம்பிரிட்ஜில் வேறொரு மொழி ஆய்வுக் குழுவில் தொடங்கிய அவர், 1974 முதல் இந்தத் துறையில் பணியாற்றினார். 1972-ல் அவர் வெளியிட்ட ஒரு கருத்தை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள், தெரியாமலே.

ஒரு நூலகத்தில் 1,000 கட்டுரைகள் இருக்கின்றன. 'பாதரசத்தில் ஒலி எப்படி' என்று தேடுகிறீர்கள். 'எப்படி' என்ற சொல் எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கிறது. 'ஒலி' 100-ல் இருக்கிறது. 'பாதரசம்' 10-ல் மட்டும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கலாமா? அரிதாக வரும் சொல்லே அதிகம் காட்டிக்கொடுக்கும் என்றார் அவர். மொத்தக் கட்டுரைகளை, அந்தச் சொல் வரும் கட்டுரைகளால் வகுத்து, மடக்கை எடுங்கள். 'எப்படி'க்கு 1,000/1,000, அதாவது 1. அதன் மடக்கை 0. 'ஒலி'க்கு 10, மடக்கை 1. 'பாதரசம்' என்ற சொல்லுக்கு 100, மடக்கை 2. பாதரசமும் ஒலியும் சேர்ந்து வரும் கட்டுரைக்கு 3 மதிப்பெண். அது பட்டியலில் முதலில் வந்து நிற்கும். 'எப்படி' எத்தனை முறை வந்தாலும் பயனில்லை. எந்தச் சொல் அற்பமானது என்று யாரும் பொறிக்குச் சொல்லித்தரவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணிப் பார்த்து அதுவே கண்டுகொள்கிறது. தேடு பொறிகள் பலவற்றுக்கு இன்றும் இதுவே அடிப்படைகளில் ஒன்று. இவ்வளவு செய்தவருக்குப் பேராசிரியர் பதவி 1999-ல்தான், அறுபது வயது கடந்தபின் கிடைத்தது. மிகவும் காலந்தாழ்ந்த மரியாதை என்பது என் எண்ணம்.

பதினேழு ஆண்டுகள் மறைந்திருந்த ஓட்டை

பொறிகள் கம்பிகளால் இணைந்தபின், தொலைவில் இருப்பவர் உண்மையில் அவர்தானா என்று அறிவது ஒரு சிக்கலாயிற்று. நீடமும் மைக்கேல் ஷ்ரோடர் என்ற அமெரிக்கரும் 1978-ல் இதற்குச் சில முறைகளை வகுத்தார்கள். அவற்றில் ஒன்றைப் பார்ப்போம். ஒவ்வொருவரும் தம்முடைய பூட்டுகளைத் திறந்த நிலையில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை யார் வேண்டுமானாலும் அழுத்திப் பூட்டலாம். திறக்கும் சாவி உரியவரிடம் மட்டும்.

அமுதா, தன் பெயரையும் ஓர் இரகசிய எண்ணையும் பெட்டியில் வைத்துப் பாலுவின் பூட்டைப் போட்டு அனுப்புகிறாள். பாலு அதைத் திறந்து, அந்த எண்ணோடு தன் இரகசிய எண்ணையும் சேர்த்து, அமுதாவின் பூட்டைப் போட்டுத் திருப்பி அனுப்புகிறான். அவள் திறந்து, பாலுவின் எண்ணை அவனுக்கே பூட்டி அனுப்புகிறாள். தன் எண் திரும்பி வந்ததால், பேசுவது அமுதாதான் என்று பாலு நம்புகிறான். மூன்றே கடிதங்கள். குறை ஏதாவது தெரிகிறதா?

1995-ல் கேவின் லோ என்பவர் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். சங்கர் என்ற வஞ்சகனோடு அமுதா ஏதோ ஒரு வேலையாகத் தொடர்பு கொள்கிறாள் என்போம். அவள் அனுப்பிய பெட்டியைச் சங்கர் திறந்து, உள்ளே இருப்பதை அப்படியே பாலுவின் பூட்டைப் போட்டு அவனுக்கு அனுப்புகிறான். பாலு, அமுதாதான் அனுப்பினாள் என்றெண்ணி அவளுடைய பூட்டைப் போட்டுப் பதில் தருகிறான். சங்கரால் அதைத் திறக்க முடியாது. ஆனால் அதைத் தன் பதில் போல அமுதாவிடம் நீட்டலாமே! அவள் திறந்து, உள்ளே இருந்த புதிய எண்ணைச் சங்கரின் எண் என்று நினைத்து, சங்கரின் பூட்டைப் போட்டு அவனுக்கே அனுப்பிவிடுகிறாள். இப்போது பாலுவின் இரகசியம் சங்கர் கையில். அமுதாவாக வேடமிட்டு அவன் பாலுவோடு பேசலாம்.

மாற்று என்ன? பாலு தன் பதிலுக்குள் தன் பெயரையும் எழுதிவிட்டால் போதும். சங்கரோடு பேசுவதாக நினைக்கும் அமுதா உள்ளே பாலுவின் பெயரைக் கண்டதும் நின்றுவிடுவாள். மூன்று கடிதங்களே கொண்ட ஒரு முறையில், அறிஞர்கள் கண்ணுக்குப் பதினேழு ஆண்டுகள் தப்பிய குறை! அப்படியானால் பல லட்சம் வரிகள் கொண்ட புரோகிராமை எப்படி நம்புவது?

ஓட்டிப் பார்த்தால் போதாது. தேற்றத்தை நிறுவுவதுபோல நிறுவ வேண்டும் என்பது ஒரு விடை. கேம்பிரிட்ஜில் மைக் கார்டனும் லாரன்ஸ் பால்சனும் 1980-களில் இந்த வேலையில் இறங்கினார்கள். நிறுவலின் ஒவ்வொரு படியையும் பொறியே சரிபார்க்கும்படியான மென்பொருள்களைச் செய்தார்கள். பால்சனின் மென்பொருளுக்கு இசபெல் என்று பெயர். இத்தகைய இரகசியக் கடித முறைகளையும் அவர் அதில் இட்டு ஆராய்ந்தார்.

எல்லா ஆராய்ச்சியும் இவ்வளவு கனமானது என்று எண்ணிவிடாதீர்கள். 1991-ல் அங்கிருந்த ஆராய்ச்சியாளர்கள், காப்பி தீர்ந்துபோன பானையைத் தேடி மாடிப்படி ஏறி ஏமாறுவது பொறுக்காமல், பானைக்கு எதிரே ஒரு காமிராவை வைத்து அதன் படத்தைத் தங்கள் திரைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். 1993-ல் அந்தப் படம் இணையத்தில் ஏறி உலகப் புகழ் பெற்றது! 2000-த்துக்குப் பிறகு, சேர வரும் மாணவர்களுக்குப் பொறியைக் கையாண்ட பழக்கம் குறைந்துவருவதைக் கவனித்த எபென் அப்டனும் அவருடைய தோழர்களும், பள்ளிப் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் ஒரு சிறு கணிப்பொறியைத் திட்டமிட்டார்கள். 2012 பிப்ரவரி 29-ல் விற்பனைக்கு வந்த அந்த ராஸ்பெரி பை உங்களில் சிலரிடம் இருக்கக்கூடும்.

வங்கி அட்டை பற்றிய செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. இங்கிலாந்தில் அட்டையைத் திருட்டுக் கொடுத்தவர்கள், தாம் எடுக்காத பணத்துக்காக வங்கியிடம் முறையிட்டால், 'உங்கள் இரகசிய எண் சரியாக இடப்பட்டிருக்கிறது. ஆகவே பொறுப்பு உங்களுடையது' என்று பதில் வருவதுண்டு. 2010-ல் ராஸ் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும், இரகசிய எண் தெரியாமலே திருட்டு அட்டையைப் பயன்படுத்த முடியும் என்று செய்து காட்டினார்கள். அட்டைக்கும் கடைக்காரர் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு சிறு கருவி. கடைக்காரர் இயந்திரத்திடம் அது 'எண் சரி' என்கிறது. அட்டையிடமோ 'இது கையெழுத்து முறை, எண் தேவையில்லை' என்கிறது. இரண்டும் வெவ்வேறு கதையை நம்பிவிடுகின்றன. பாலுவும் அமுதாவும் ஏமாந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள்! இது தொடர்பான ஒரு மாணவரின் ஆய்வேட்டைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்கும்படி அட்டை நிறுவனங்களின் சங்கம் அந்த ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. ஆண்டர்சன் மறுத்தார். அதைத் துறையின் ஆய்வு அறிக்கையாகவும் வெளியிட ஏற்பாடு செய்தார்.

திரும்பும் இடம்

இனி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்திக்கு வருவோம். திரும்ப வேண்டிய இடத்தின் எண்ணை இன்றைய பொறிகளும் குறித்துவைக்கின்றன. பெரும்பாலும் அது நினைவகத்தில், மற்ற எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் பெயரை எழுத 20 எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் வேண்டுமென்றே 200 எழுத்துகளைத் தட்டுகிறான். புரோகிராம் எழுதியவர் அளவைச் சோதிக்க மறந்திருந்தால், எழுத்துகள் வழிந்து பக்கத்து இடங்களில் ஏறிவிடும். அங்கே இருந்த 'திரும்பும் இடம்' அழிந்து, வந்தவன் விரும்பிய எண் அதில் உட்கார்ந்துவிடும். வேலை முடிந்ததும் பொறி திரும்புவது திருடன் வீட்டுக்கு! 1988 நவம்பரில் அமெரிக்காவின் கணிப்பொறிகளில் பரவிய 'மாரிஸ் புழு' கையாண்ட வழிகளில் இதுவும் ஒன்று. தன் மென்பொருள்களில் கண்ட பாதுகாப்புக் குறைகளில் 70 விழுக்காடு, இப்படி நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வந்தவையே என்று 2019-ல் மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது.

1970-களிலேயே கேம்பிரிட்ஜில் வில்க்ஸும் நீடமும் வீலரும் 'கேப்' என்ற பொறியைச் செய்து, நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் உரிமைச் சீட்டு உள்ளவரே தொடலாம் என்ற ஏற்பாட்டைச் சோதித்தார்கள். அந்தக் கருத்து நெடுங்காலம் தூங்கிக் கிடந்தது. 2010 முதல் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தோடு சேர்ந்து இத்துறையினர் அதைப் புதுப்பித்து வருகிறார்கள். இதன் பெயர் செரி. விடுதி அறைச் சாவி அந்த ஓர் அறையை மட்டும் திறப்பதுபோல, நினைவகத்தைச் சுட்டும் ஒவ்வொரு எண்ணும் தன்னுடன் 'இங்கே தொடங்கி, இதுவரை மட்டும். படிக்கலாம், எழுதக்கூடாது' என்பன போன்ற எல்லைகளையும் சுமந்து செல்லும். 64 இலக்க முகவரி இப்போது 128 இலக்கமாகிறது. அதற்கு மேல், புரோகிராமின் கண்ணில் படாத ஓர் இலக்கமும் உண்டு. யாராவது அந்த எண்ணைத் திருத்த முயன்றால் அந்த இலக்கம் 0 ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சாவி எந்தக் கதவையும் திறக்காது. 20 எழுத்துக்கான இடத்தில் 21-ஆவது எழுத்தை எழுதப் போனால் பொறியே தடுத்து நிறுத்திவிடும்.

ஆர்ம் நிறுவனம் 2022-ல் இம்முறையில் அமைந்த சோதனைப் பலகைகளைச் செய்து ஆராய்ச்சியாளர்களுக்கு வழங்கியது. ஏற்கெனவே எழுதிக் குவித்துள்ள கோடிக்கணக்கான வரிகளை எவ்வளவு குறைந்த மாற்றத்தோடு இதில் ஓட்டலாம், எல்லைகளையும் சேர்த்துச் சுமப்பதால் வேகம் எவ்வளவு குறைகிறது என்பவை இப்போதைய ஆராய்ச்சிகள். திரும்பும் இடத்தைக் குறிக்கும் எண்ணும் இதில் முத்திரையிட்ட சாவிதான். தன் கடைசி ஆணையைத் தானே எழுதிக்கொண்ட வீலரின் அந்தத் துணைப் புரோகிராமை இந்தப் பொறியில் அப்படியே ஓட்டினால், முதல் வேலையிலேயே பொறி அதை நிறுத்திவிடும்.